ஒதுக்கீடு கிடைத்தவுடன்

சண்டை நடந்த ஆண்டுகளில் நான் திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரின் கணக்குக் கிளையில் எழுதுவினைஞராக இருந்தேன். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனத்துக்கு அரசாங்கம் கொடுத்த உலர் உணவின் கணக்கு என்னுடைய மேசைக்கு வரும். அரிசி, மா, பருப்பு, சீனி என்று நான்கு சாமான்கள். அந்தக் கணக்குகளைக் கோத்து வைத்த கோவையின் அட்டையில் 'அவசர நிவாரணம்' என்று எழுதியிருந்தது. அந்த மேசையில் நான் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அட்டை கிழிந்து இரண்டு தடவை புது அட்டை போட்டோம். இரண்டு தடவையும் அதே சொற்களைத்தான் எழுதினேன்.

ஏற்பாடு சிக்கலானதல்ல. ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு அட்டை இருக்கும். அதைக் காட்டினால் அந்தப் பகுதிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் கொடுப்பார்கள். மாத முடிவில் சங்கக்கடைக்காரர் பில்லைக் கொண்டுவந்து எங்களிடம் தருவார். நாங்கள் சரிபார்த்துக் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கிருந்து காசு வந்ததும் சங்கத்தின் பெயருக்குக் காசோலை எழுதுவோம். முதல் வருடம் மூன்று கிழமையில் காசு வந்துவிடும்.

கப்பல்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் முகாமாக இருந்தது. அதற்குச் சாமான் கொடுத்த சங்கக்கடையின் முகாமையாளரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவர் சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவர். அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் தோணியில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி வரும். "அதாலதான் மிஸ் என்னைக் கடையில விட்டவை" என்று ஒருநாள் சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கந்தோருக்குச் சைக்கிளில் வருவார். வழியில் மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கிப் பையைத் திறந்து காட்டவேண்டும். வந்து சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். பில் மட்டும் பொலித்தீன் பைக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கும். கதிரையில் இருங்கள் என்று மூன்று தரம் சொன்னால்தான் இருப்பார். எனக்கு வந்த கணக்குகளில் அவருடைய கணக்கில் மட்டும் ஒரு சதம்கூடப் பிழைத்ததில்லை.

பிறகு காசு பிந்தத் தொடங்கியது. மூன்று கிழமை ஆறு கிழமையானது. ஆறு கிழமை இரண்டு மாதமானது. சண்டை பெரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. மேலே 'அந்தரங்கம்' என்று முத்திரை. எங்கள் கணக்காளர் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பாதுகாப்புச் செலவு மதிப்பிட்டதைவிட அதிகமாகிவிட்டதால் மற்றச் செலவுகளைப் பின்போட வேண்டியிருக்கிறது என்று அதில் இருந்தது. நிவாரணச் சாமான்களின் நிலுவை இந்த ஆண்டுக்குள் தீர்க்கப்படமாட்டாது என்று கடைசிப் பந்தியில் இருந்தது.

"எங்கட அரிசிக் காசும் இதுக்குள்ளயோ சேர்?"

"ஓம். அவசரத்திலயும் ரெண்டு சாதி இருக்கு எண்டு இப்பதான் தெரியுது."

கணக்காளர் மட்டக்களப்புக்காரர். ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தன. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அப்ப அந்தக் காசு?"

அவர் பேனாவால் யன்னலைக் காட்டினார். துறைமுகத்தில் காலையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கப்பல் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. என்ன இறக்குகிறார்கள் என்று தெரியாதபடி எல்லாவற்றையும் தறப்பாளால் மூடியிருந்தார்கள்.

"அதையும் கையில காசு வைச்சு வாங்கேல்லை, பிள்ளை. கடன். கம்பனியளில வேலை செய்யிற சனத்தின்ர சேமலாப நிதியில எடுக்கினம். வங்கியில எடுக்கினம். வெளிநாட்டில எடுக்கினம். எடுத்ததுக்கு வட்டி கட்டவும் எடுக்கினம்."

"எப்ப கட்டி முடிப்பினம்?"

"அதை இந்தக் கந்தோரில இருந்து கேட்டு என்ன செய்யிறது? நீர் கோவையில போடும்."

நான் கோவையில் போட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாலு மணிக்குப் பாலையூற்றுக்குப் பஸ் ஓடுமா ஓடாதா என்பதுதான் மனதில் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு எங்கள் வீடு எரிந்தது. நானும் கணவரும் ஏழு மாதம் ஒரு முகாமில் இருந்துவிட்டுப் பாலையூற்றில் ஒரு அறை எடுத்து வந்திருந்தோம். வீடு எரிந்த அன்று அழுதேன். அதன் பிறகு எதைக் கேட்டாலும் அது வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. செத்தவீட்டுக்குப் போனால் அங்கே எத்தனை கதிரை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். கணவர் தபால் கந்தோரில் வேலை. அவரும் அப்படித்தான். இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் உப்புக் குறைவா கூடவா என்பதைத் தவிர வேறு கதை கதைப்பதில்லை.

சுற்றுநிருபம் வந்து பத்து நாள் கழித்து முகாமையாளர் வந்தார். நான்கு மாத நிலுவை இருந்தது. அன்று அவர் நான் சொல்லாமலே கதிரையில் இருந்தார்.

"மிஸ், டவுண் மொத்தக் கடைக்காரர் இனிக் கடனுக்குத் தரமாட்டாராம். முன்னூறு குடும்பம். அடுத்த கிழமைக்கு அரிசி இல்லை."

"கொழும்புக்கு எழுதியிருக்கிறம் அண்ணை."

"அது தெரியும். எனக்கு ஒரு கடிதம் வேணும். அரசாங்கம் இந்தக் காசைத் தரும் எண்டு ஒரு கடிதம். அதைக் காட்டினா கந்தளாயில ஒரு ஆலை முதலாளி அரிசி தருவார். கேட்டுப் பாத்தனான்."

கணக்காளரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தருவோம் எண்டு எழுத ஏலாது. ஒதுக்கீடு கிடைத்தவுடன் தருவோம் எண்டு எழுதலாம். அது பொய்யில்லை."

"அந்தச் சுற்றுநிருபம்..."

"அது அந்தரங்கம்."

நான் மேசைக்கு வந்து கடிதத்தை எழுதினேன். தட்டச்சு இயந்திரத்தின் நாடா அந்த மாதம் தீர்ந்திருந்தது. அதனால் கையால்தான் எழுதினேன். 'மேற்படி சங்கத்துக்குச் செலுத்தவேண்டிய தொகை, ஒதுக்கீடு கிடைத்தவுடன் செலுத்தப்படும் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கணக்காளர் கையொப்பம் வைத்தார். நான் முத்திரை குத்தினேன்.

முகாமையாளர் இரண்டு தரம் வாசித்தார். எழும்பி நின்று, "பெரிய உதவி மிஸ்" என்றார்.

'அண்ணை, இந்த வருசம் வராது' என்று நான் சொல்லியிருக்கலாம். நான்கு சொற்கள்தான். எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. கணக்காளர் பக்கத்து அறையில்தான் இருந்தார், அவருக்குக் கேட்டிருக்கவும் மாட்டாது. பயத்தில் சொல்லாமல் விட்டேன் என்றால் அதில் ஒரு நியாயமாவது இருக்கும். பயமாகவும் இருக்கவில்லை. அடுத்த பில்லை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அட்டைகளைச் சரிபார்க்க என்னை அந்த முகாமுக்கு அனுப்பினார்கள். தலை எண்ணவேண்டும். ஊருக்குத் திரும்பிப் போனவர்கள், செத்தவர்கள், பிறந்தவர்கள் எல்லாவற்றையும் பதியவேண்டும். பள்ளிக்கூட விறாந்தையில் முகாமையாளர் தராசு வைத்து அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். கந்தளாய் அரிசி. நல்ல அரிசி. என்னைக் கண்டதும் ஒரு பெடியனிடம் தராசைக் கொடுக்காமல், வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காசு வந்ததோ மிஸ்?"

"இன்னும் இல்லை."

"பரவாயில்லை. முதலாளி தாறார். நான் கொஞ்சம் ஈடு குடுத்திருக்கிறன்."

"சங்கத்தின்ர ஈடோ?"

"சங்கத்திட்ட என்ன கிடக்கு? ரெண்டு தராசும் ஒரு பழைய லொறியும். என்ர வீட்டுறுதிப் பத்திரம்."

வரிசையில் நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "அண்ணை, பருப்பு இந்த மாசமும் அரைவாசிதானோ?"

"அடுத்த மாசம் சேர்த்துத் தாறன் தங்கச்சி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அரசாங்கத்திட்டக் காசில்லை எண்டு இவையளுக்குச் சொல்ல ஏலுமே? அரசாங்கத்திட்டக் காசில்லாமல் போகுமே, மிஸ்? நாடெண்டால் அச்சடிச்செண்டாலும் தரும்தானே."

நான் அட்டைகளை எண்ணினேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று இருந்தன. ஒன்பது குடும்பங்கள் போய்விட்டிருந்தன.

திரும்பி வரும்போது கண்டி ரோட்டில் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார்கள். படை வாகனங்கள் சீனக்குடாப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன. புத்தம் புதியவை. சிலவற்றின் இருக்கைகளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் கழற்றவில்லை. வெய்யிலில் அது பளபளத்தது. ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். எனக்கு அடுத்ததாக இருந்த வயோதிபர் எண்ணிக்கொண்டு வந்து நாற்பதுக்குமேல் விட்டுவிட்டார். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. எனக்குச் சத்தி வந்தது. அன்று பஸ்ஸின் புழுக்கம் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் நான் கர்ப்பம் என்று தெரிந்தது.

அந்த ஆண்டு காசு வரவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், புதிய மாதங்களின் பில்லுக்கு மட்டும் காசு வந்தது. பழைய நிலுவை தனிக் கோவைக்குப் போனது. நாங்கள் மாதாமாதம் நினைவூட்டல் அனுப்பினோம். ஒரே கடிதம், திகதி மட்டும் மாறும். இதற்கிடையில் பத்திரிகையில் சண்டைச் செலவுக்கு மேலும் காசு ஒதுக்கக் குறைநிரப்பு மதிப்பீடு பாராளுமன்றத்தில் நிறைவேறியதாக ஒருமுறை வந்தது. கணக்காளர் அந்தப் பக்கத்தை மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் விரித்தார்.

முகாமையாளர் வருவதை நிறுத்தினார். அவருக்குப் பதிலாக வேறொருவர் பில் கொண்டுவந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு எட்டு மாதமாக இருந்தபோது ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சேலை. கையில் ஒரு பொலித்தீன் பை. மடிப்பைப் பார்த்ததும் யாருடைய பை என்று தெரிந்தது. முகாமையாளரின் மனைவி.

பைக்குள்ளிருந்த கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது உங்கட எழுத்தோ, தங்கச்சி?"

"ஓம்."

"காசு தருவம் எண்டுதானே இதில கிடக்கு?"

"ஒதுக்கீடு கிடைத்தவுடன் எண்டு கிடக்கு அக்கா."

அவர் கடிதத்தை மறுபடி எடுத்து விரலை வைத்து வாசித்தார். அந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஒதுக்கீடு எண்டா என்ன?"

சொன்னேன். எந்த வேலைக்கு எவ்வளவு காசு என்று கொழும்பில் பிரித்து வைப்பது என்றேன்.

"அப்ப எங்களுக்குப் பிரிக்கேல்லையோ?"

"இல்லை."

"இதை எழுதேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

கணக்காளர் அறை வாசலில் வந்து நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த அக்காவின் முகத்தையும் பார்க்கவில்லை. கடிதத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது அக்கா" என்றேன்.

அவர் நம்பினார். அதுதான் என் மனதில் இன்றைக்கும் கிடக்கிறது. அவர் நம்பித் தலையாட்டினார். "பாவம், நீங்கள் என்ன செய்வியள்" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். முதலாளி கெட்டவரில்லை. ஆறு மாதம் பொறுத்தார். அவருக்கும் வங்கிக் கடன் இருந்தது, வட்டி ஏறிக்கொண்டு போனது. முகாமையாளர் தாமாகவே போய் உறுதியை முதலாளி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம். வீடு போனது. அவர்கள் அக்காவின் தங்கை வீட்டில் சுவரோடு ஒரு பத்தி இறக்கி இருக்கிறார்கள். சங்கமும் அவரை நிறுத்திவிட்டது. அனுமதி எடுக்காமல் கடன்பட்டதாக விசாரணை.

"எங்கட வீட்டைக் குடுத்துத்தான் அந்தச் சனம் நாலு மாசம் சாப்பிட்டது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமானின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். கணக்காளர் தேத்தண்ணி வரவழைத்தார். அந்த அக்கா குடிக்காமல் எழும்பினார். போகும்போது என் வயிற்றைப் பார்த்து, "உடம்பைப் பாருங்கோ" என்றார்.

நிலுவைக் காசு ஆறாவது ஆண்டில் வந்தது. மகள் அப்போது பாலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கணக்காளர் ஓய்வெடுத்துப் போய்விட்டார். தொகை பில்லில் இருந்த அதே தொகை. வட்டியில்லை. அந்தக் காசுக்கு இப்போது முந்திய அரிசியில் பாதிகூட வாங்கமுடியாது. அதற்குள் அந்தச் சங்கத்தை வேறொரு சங்கத்தோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். சேர்ந்த சங்கத்துக்கு வங்கியில் மேலதிகப் பற்றாக ஒரு கடன் இருந்தது. காசோலை நேரே அதற்குள் போனது. கொடுப்பனவுச் சீட்டை நான்தான் தயாரித்தேன். 'தீர்க்கப்பட்டது' என்று எழுதிக் கோவையை மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை கந்தளாய்க்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று கணவருக்கு நான் சொல்லவில்லை, எனக்கே சரியாகத் தெரியவும் இல்லை. முகாமையாளர் அதே ஆலையில் காவலுக்கு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதலாளிதான் கூப்பிட்டு வேலை கொடுத்தாராம். ஆலை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டார்.

"மிஸ்! இவ்வளவு தூரம்?"

"அந்தக் காசு வந்துட்டுது அண்ணை."

"வந்ததோ?" என்றார். "நல்லது. ஆருக்குப் போனது?"

சொன்னேன். தலையாட்டினார். உள்ளே போய் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். நான் இருக்கவில்லை.

"அண்ணை, அந்தக் கடிதம் எழுதின அண்டைக்கு எனக்குத் தெரியும். அந்த வருசம் காசு வராது எண்டு சுற்றுநிருபம் வந்திருந்தது. நான் வாசிச்சனான். உங்களுக்குச் சொல்லேல்லை. அக்கா வந்து கேக்கேக்கையும் தெரியாது எண்டு பொய் சொன்னனான்."

நெல் மூட்டை ஏற்றிய ஒரு லொறி வந்தது. அவர் எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டு, இலக்கத்தைக் கொப்பியில் பதிந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தெரிஞ்சிருந்தாலும் அரிசி குடுத்திருப்பன் எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான்" என்றார். "ஆனா அது பொய். தெரிஞ்சிருந்தா நான் உறுதிய வைச்சிருக்க மாட்டன், மிஸ்."

"ஓம் அண்ணை."

"சனம் என்ன செய்திருக்குமோ தெரியாது. ஆனா நான் வைச்சிருக்க மாட்டன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் பரவாயில்லை என்று சொல்லவேண்டி வரும். அந்த வேலையையும் அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மனைவி எப்படி என்று கேட்டேன். நாரியும் முதுகும் நோவாம். என் பிள்ளை எப்படி என்று கேட்டார். பாலர் வகுப்பு என்றேன். மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கந்தளாயிலிருந்து வரும் வழியெல்லாம் நித்திரை கொண்டேன்.

சண்டை முடிந்து பல ஆண்டுகளின் பின் நானும் ஓய்வெடுத்தேன். அதற்கும் பிறகுதான் நாடு வாங்கிய கடனைக் கட்டமுடியாது என்று சொன்ன காலம் வந்தது. என் ஓய்வூதியத்தில் மாதத்தின் முதல் பத்து நாளைத்தான் ஓட்டக்கூடியதாக இருந்தது. பத்திரிகைகளில் ஒவ்வொரு பிரசையின் தலையிலும் இவ்வளவு கடன் என்று போட்டார்கள். பிறந்த குழந்தையையும் சேர்த்துப் பிரித்திருந்தார்கள். நான் ஒருமுறை வாசித்துவிட்டுப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

மகள் ஒரு தனியார் கம்பனியில் வேலை. சம்பளத்தில் புதிய வரி கழித்தார்கள். ஒருநாள் காலை எரிவாயுவுக்கு இரண்டு பேரும் வரிசையில் நின்றோம். எனக்கு முழங்கால் நோ. கவிழ்த்த வாளியொன்றின்மேல் இருந்தேன். அவள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதில எவ்வளவு சண்டைக்கு எடுத்த கடன்?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"நீங்கள் கணக்குக் கிளையில தானே இருந்தனீங்கள்?"

"நான் அரிசிப் பக்கம் பாத்தனான்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஒரு கடையின் பெயரோ ஒரு ஆளின் பெயரோ சொல்லி அவளுக்கு நான் இதில் எதையும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் அந்தக் கடிதத்தில் வந்து நிற்கவேண்டும். முன்னால் நின்ற ஆள் தன் சிலிண்டரை உருட்டினார். நாங்களும் எங்களுடையதை ஒரு முழம் உருட்டினோம். வெய்யில் ஏறிக்கொண்டிருந்தது. மகள் குடையை விரித்து என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.